பெயர் கேட்ட பெரியவர்



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகப் போனால், கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து மேலே ஏறும். அதுதான் கல்வராயன் மலை. மலை மேல் இருக்கிற முக்கியமான ஊர் வெள்ளிமலை. சாமையும், தினையும், மரவள்ளிக் கிழங்கும், கடுக்காயும் விளைகிற பூமி அது. மேகம் அருவியும், பெரியார் அருவியும் பார்க்கப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சிலர் போயிருப்பீர்கள்.

நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, 1998ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலுக்கு அந்த மலையில்தான் எனக்குத் தேர்தல் பணி கிடைத்தது. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு சிற்றூர். ஜீப் ஒரு இடத்தோடு நின்றுவிட்டது. ஓட்டுப் பெட்டியையும், ஓட்டுச் சீட்டுக் கட்டுகளையும், அரிக்கேன் விளக்கையும் தூக்கிக்கொண்டு மீதித் தூரம் நடந்தோம். அந்த ஊர்ப் பள்ளிக்கூடம்தான் வாக்குச் சாவடி.

காலையில் ஓட்டுப் போட ஒரு பாட்டி வந்தார். பட்டியலில் அவர் பெயரிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். எது அவர் என்று தெரிய வேண்டும் அல்லவா? கணவர் பெயரைக் கேட்டேன். பாட்டி வாயே திறக்கவில்லை. கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்துப் பழக்கம். மறுபடியும் கேட்டேன். பாட்டி சுற்றும் முற்றும் பார்த்தார். சுவரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக வரைந்திருந்த நிலா படத்தைக் காட்டி வெட்கத்தோடு சிரித்தார். பட்டியலைப் பார்த்தேன். கணவர் பெயர் சந்திரன்! எல்லாரும் சிரித்துவிட்டோம். பாட்டி விரலில் மை வைத்துக்கொண்டு ஜம்மென்று ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் இன்னொரு அம்மா வந்தார். தூரத்துக் குடிசைகளிலிருந்து குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். பட்டியலை மூன்று முறை புரட்டினேன். அவர் பெயர் இல்லை. பெயர் இல்லாதவருக்கு ஓட்டுச் சீட்டுக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நான் இந்த ஊர்க்காரி இல்லையா என்று மட்டும் கேட்டார். என்ன பதில் சொல்வது? வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

ஒரு பட்டியலில் ஒரு பெயர் இருப்பதும் இல்லாமல் போவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்தியா முழுவதும் அப்படிப் பெயர் பெயராகச் சேர்த்து, முதன்முதலில் பட்டியல் போட வைத்த ஒரு பெரியவரைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் சுகுமார் சென். நம் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர்.

கணக்கில் தங்கப் பதக்கம்

சுகுமார் சென் வங்காளத்துக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியப் போகிற சமயத்தில் பிறந்தவர். கொல்கத்தாவில் புகழ்பெற்ற பிரசிடென்சி கல்லூரியில் படித்தார். பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். கணக்கு என்றால் கசக்கிறது என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். இவர் படித்த கணக்கு பின்னாளில் ஒரு நாட்டுக்கே உதவியது.

1921ஆம் ஆண்டு ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். இன்றைய ஐ.ஏ.எஸ். போன்றது அது. வங்காளத்தின் பல மாவட்டங்களில் வேலை பார்த்தார். நீதிபதியாகவும் இருந்தார். நாடு சுதந்திரம் அடைந்த 1947ஆம் ஆண்டு, மேற்கு வங்காள அரசின் தலைமைச் செயலாளர் ஆனார்.

அது சாதாரண காலம் அல்ல. நாடு இரண்டாகப் பிரிந்த நேரம். வீடு வாசலை விட்டுவிட்டு, கையில் ஒரு மூட்டையோடு அகதிகள் வந்து குவிந்துகொண்டே இருந்தார்கள். நேற்று வரை சொந்த ஊர் என்று இருந்தது இன்று வேறு நாடு ஆகிவிட்டது. ஊரும் பேரும் இழந்து நிற்பது என்றால் என்ன என்பதை சென் தன் கண்ணாலேயே பார்த்தார்.

யாருக்கெல்லாம் ஓட்டு?

குழந்தைகளே, இன்று 18 வயது ஆன எல்லாருக்கும் ஓட்டு உண்டு என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் அப்படி இல்லை. அப்போதும் தேர்தல்கள் நடந்தன. நிலம் இருக்கிறதா, வரி கட்டுகிறாயா, படித்திருக்கிறாயா என்றெல்லாம் பார்த்துத்தான் ஓட்டுக் கொடுத்தார்கள். ஊரில் மிராசுதாருக்கு ஓட்டு உண்டு. அவர் வயலில் நாற்று நடும் அம்மாவுக்குக் கிடையாது. பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்த முதல் மாகாணம் நம் சென்னை மாகாணம்தான். அது நடந்தது 1921ஆம் ஆண்டு. ஆனாலும் சொத்து, படிப்பு உள்ள பெண்களுக்குத்தான் அந்த உரிமை.

சுதந்திர இந்தியா ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. டாக்டர் அம்பேத்கர் தலைமையிலான குழு எழுதிய அரசியல் சட்டம், 21 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்று சொல்லிவிட்டது. ஏழை, பணக்காரர், ஆண், பெண், படித்தவர், படிக்காதவர், எந்த சாதி, எந்த மதம் என்ற கேள்வியே இல்லை. ஒருவருக்கு ஒரு ஓட்டு. எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு.

இதில் என்ன துணிச்சல் என்று கேட்பீர்கள். அமெரிக்கா சுதந்திர நாடாகி நூறு வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, 1920இல்தான் நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டு வந்தது. இங்கிலாந்தில் ஆண்களுக்குச் சமமாகப் பெண்கள் ஓட்டுப் போட்டது 1928க்குப் பிறகு. சுவிட்சர்லாந்தில் நாடு தழுவிய தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1971இல்! நாமோ முதல் தேர்தலிலேயே எல்லாருக்கும் கொடுத்துவிட்டோம்.

சட்டத்தில் எழுதுவது ஒன்று. அதை நடத்திக் காட்டுவது வேறு. அந்த வேலைதான் சென்னின் தலையில் வந்து விழுந்தது.

அவசரப்படாத அதிகாரி

1950 ஜனவரி 25ஆம் தேதி தேர்தல் ஆணையம் பிறந்தது. அடுத்த நாள்தான் நாடு குடியரசு ஆனது. மார்ச் மாதம் சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பொறுப்பு ஏற்றார். பிரதமர் நேருவுக்குத் தேர்தலைச் சீக்கிரம் நடத்திவிட வேண்டும் என்று ஆசை. 1951ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முடித்துவிடலாமா என்று பார்த்தார். சென் உட்கார்ந்து கணக்குப் போட்டார். முடியாது, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பிரதமரிடமே அப்படிச் சொல்ல நிமிர்ந்த நெஞ்சம் வேண்டும் அல்லவா?

அவர் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். ஓட்டுப் போடத் தகுதி உள்ளவர்கள் சுமார் 17 கோடி பேர். அத்தனை பேரையும் வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். பெயர், வயது, ஊர் எழுத வேண்டும். இதற்கான ஆரம்ப வேலைகள் 1948ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தன. எழுதிக்கொண்டு வந்ததைத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, அடுக்க மட்டும் 16,500 எழுத்தர்களை ஆறு மாதத்துக்கு வேலைக்கு வைத்தார்கள். பட்டியல் அச்சடிக்க 3,80,000 ரீம் காகிதம் செலவானது. அன்றைக்குக் கம்ப்யூட்டரும் இல்லை, செல்போனும் இல்லை. எல்லாம் கை வேலைதான்!

இன்னொரு பெரிய சிக்கல். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் நூறு பேரில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஓட்டுச் சீட்டில் வேட்பாளர் பெயரை அச்சடித்தால் பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

படம் பார்த்து ஓட்டுப் போடு

இதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்தார்கள். அதுதான் சின்னம். இரட்டைக் காளை, குடிசை, கதிர் அரிவாள், மரம் என்று தினமும் கண்ணில் படுகிற பொருள்களைச் சின்னமாகக் கொடுத்தார்கள்.

அந்த முதல் தேர்தலில் ஓட்டுச் சீட்டில் எந்த முத்திரையும் குத்த வேண்டாம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டுப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். மறைவான இடத்தில் எல்லாப் பெட்டிகளும் வரிசையாக இருக்கும். தனக்குப் பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். எழுத்தே தெரியாதவரும் யார் துணையும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல் ஓட்டுப் போடலாம். யாருக்குப் போட்டோம் என்பது வெளியே தெரியாமல் இருப்பது மிகவும் முக்கியம். தெரிந்துவிட்டால் பண்ணையாருக்குப் பயந்து ஓட்டுப் போடும் நிலை வந்துவிடும்.

ஆளுக்கு ஒரு பெட்டி என்றால் நாடு முழுவதும் எத்தனை பெட்டி வேண்டும்? இருபது லட்சத்துக்கும் மேல்! அவற்றைச் செய்ய 8,200 டன் எஃகு தேவைப்பட்டது. ஒருவரே இரண்டு முறை ஓட்டுப் போட்டுவிடாமல் இருக்க, விரலில் வைக்கும் அழியாத மையை நம் விஞ்ஞானிகள் தயாரித்துக் கொடுத்தார்கள். ஓட்டுப் போடுவது எப்படி என்று வானொலியில் சொன்னார்கள். சினிமா கொட்டகைகளில் படம் போட்டுக் காட்டினார்கள். ஊர்களில் ஒத்திகைத் தேர்தலும் நடத்திப் பார்த்தார்கள்.

28 லட்சம் பெயர்கள்

இப்போது நான் முதலில் சொன்ன பெயர் விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டியல் எழுதப் போனவர்களுக்கு ஒரு வினோதமான பிரச்சினை வந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். வெளி ஆளிடம் பெண் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அங்கே வழக்கம். இன்னாருடைய அம்மா, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றுதான் சொன்னார்கள். எழுத வந்தவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

சென் அந்தப் பட்டியலைப் பார்த்தார். அவருக்கு அது சரியாகப் படவில்லை. ஓட்டுப் போடப் போகிறவர் அந்தப் பெண். அவருடைய கணவரோ மகனோ அல்ல. சொந்தப் பெயர் இல்லாமல் ஒருவரை எப்படி வாக்காளர் என்று சேர்ப்பது? ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள் இருந்தால் யார் எவர் என்று சாவடியில் எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு யாராவது வந்து அந்த ஓட்டைப் போட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது? ஆகவே, திரும்பவும் போய்ச் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதி வரும்படி உத்தரவு போட்டார்.

பல பெண்கள் பெயரைச் சொன்னார்கள். எவ்வளவு கேட்டும் சொல்லாதவர்களும் இருந்தார்கள். கடைசியில், சுமார் எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் பெயர்கள் பட்டியலில் இடம்பெறாமல் போயின. அத்தனை பேரும் முதல் தேர்தலில் ஓட்டுப் போட முடியவில்லை.

குழந்தைகளே, இது சரியா தவறா? நான் பல முறை யோசித்திருக்கிறேன். ஒரு ஓட்டுக்காக மலை ஏறும் நாட்டில் 28 லட்சம் ஓட்டுகளை விடுவதா என்று ஒரு பக்கம் தோன்றும். மலையில் குழந்தையோடு திரும்பிப் போன அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அப்படித்தான் எனக்குத் தோன்றும். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்றைக்கு சென் விட்டுக்கொடுத்திருந்தால், இன்னாருடைய மனைவி என்பதே நிரந்தரமாகியிருக்கும். ஓட்டு உன்னுடையது, அதனால் பெயரும் உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். ஓட்டுப் போக முடியாமல் போன செய்தி ஊரெல்லாம் பரவியது. அடுத்த முறை பட்டியல் எழுதப் போனபோது பெண்கள் தங்கள் பெயரைச் சொன்னார்கள். 1957ஆம் ஆண்டுத் தேர்தலில் பெரும்பாலான பெண்கள் சொந்தப் பெயரோடு பட்டியலில் இருந்தார்கள்.

நீங்களும் யோசித்துப் பாருங்கள். வீட்டில் அப்பா அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் ஒரே பதில் சொல்ல வேண்டும் என்பது இல்லை.

பனிமலையில் முதல் ஓட்டு

1951 அக்டோபர் 25ஆம் தேதி, சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் தொடங்கியது. எங்கே தெரியுமா? டெல்லியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. இமாசலப் பிரதேசத்தில் சினி என்ற மலைப்பகுதியில்! குளிர்காலம் வந்துவிட்டால் பனி மூடிக்கொள்ளும், யாரும் வெளியே வர முடியாது. அதனால்தான் அங்கே மட்டும் முன்கூட்டியே தேர்தல்.

அன்று அங்கே ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் ஷியாம் சரண் நெகி. அவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரைச் சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று நாடே கொண்டாடியது. அதன் பிறகு வந்த தேர்தல்களிலும் தவறாமல் ஓட்டுப் போட்டார். 2022 நவம்பரில் தன் 105ஆவது வயதில் மறைந்தார். மறைவதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட தபால் ஓட்டுப் போட்டுவிட்டார் என்றால் பாருங்களேன்!

மற்ற மாநிலங்களில் ஓட்டுப்பதிவு 1952 பிப்ரவரி வரை நடந்தது. நம் சென்னை மாநிலத்தில் 1952 ஜனவரியில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். நாடு முழுவதும் சுமார் இரண்டு லட்சம் வாக்குச் சாவடிகள். சில மலைக் கிராமங்களுக்குப் போக ஆற்றின் குறுக்கே புதிதாகப் பாலம் கட்டினார்கள். சிறு தீவுகளுக்குக் கடற்படைக் கப்பலில் பட்டியல்களை அனுப்பினார்கள். மொத்தத்தில் நூறு பேரில் சுமார் 45 பேர் ஓட்டுப் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் எப்படித் தேர்தல் நடத்துவார்கள் என்று கேலி பேசியவர்கள் வாய் அடைத்துப் போனார்கள்.

சூடான் போன சென்

தேர்தலை முடித்ததும் சென் ஓய்வு எடுக்கவில்லை. 1953ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவில் உள்ள சூடான் நாட்டில் முதல் தேர்தல் நடந்தது. பாலைவனமும், நாடோடி மக்களும் நிறைந்த நாடு. அந்தத் தேர்தலை நடத்தித் தர அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்று தேடியபோது, எல்லாருக்கும் நினைவு வந்தவர் சுகுமார் சென்தான். அங்கும் போய் நடத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.

1954ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. அந்த விருதை ஏற்படுத்திய முதல் ஆண்டே அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். 1957ஆம் ஆண்டு இரண்டாவது பொதுத் தேர்தலையும் அவரே நடத்தினார். முதல் தேர்தல் முடிந்ததும் பழைய ஓட்டுப் பெட்டிகளை அவர் தூக்கி எறிய விடவில்லை. பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இரண்டாவது தேர்தலுக்கு அவையே உதவின. அரசாங்கப் பணம் பெருமளவு மிச்சமானது. உங்கள் வீட்டில் போன வருட நோட்டில் மீதமுள்ள தாள்களைத் தைத்து அம்மா கொடுப்பார் இல்லையா? அதே சிக்கனம்தான் இது!

1958 டிசம்பரில் தேர்தல் ஆணையர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1960ஆம் ஆண்டு தொடங்கிய பர்த்வான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். 1960களின் தொடக்கத்திலேயே மறைந்தும்விட்டார். தேர்தல் எப்படி நடந்தது என்று அரசுக்கு விரிவான அறிக்கை எழுதியவர், தன்னைப் பற்றிப் பெரிதாக எதுவும் எழுதி வைக்கவில்லை. கோடிக்கணக்கான பெயர்களைச் சேகரித்தவரின் பெயர் இன்று பலருக்குத் தெரியவில்லை. இனி உங்களுக்குத் தெரியும்!

உங்கள் முறை வரும்போது

1989ஆம் ஆண்டு முதல் ஓட்டுப் போடும் வயது 21இலிருந்து 18 ஆகக் குறைந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிறவருக்கு இன்னும் ஐந்தே வருடம்தான்! இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர் சேர்க்க வேண்டும். இதற்குப் படிவம் 6 என்று பெயர். வயதுக்குச் சான்று, முகவரிக்குச் சான்று, புகைப்படம் இவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். இணையத்திலும் செய்யலாம். உங்கள் பகுதி வாக்குச் சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். பல ஊர்களில் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோதான் அந்த அலுவலராக இருப்பார். 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 18 வயது நிரம்பிய பிறகு பெயர் பட்டியலில் ஏறும். முன்பு ஜனவரி 1ஆம் தேதியை மட்டும் வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதிகளையும் கணக்கில் எடுக்கிறார்கள். பெயரில் பிழை இருந்தாலோ, வீடு மாறினாலோ படிவம் 8 கொடுக்க வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். வாக்காளர் அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தேர்தல் வருவதற்கு முன்பே பட்டியலைப் பார்த்துச் சரி செய்துகொள்ள வேண்டும். ஓட்டுப் போடும் நாளில் போய் என் பெயர் எங்கே என்று கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மலையில் அந்த அம்மாவுக்கு நேர்ந்தது அதுதான்.

ஓட்டுப் போடும் நாளில் வரிசையில் நின்று உள்ளே போனால், முதல் அலுவலர் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்ப்பார். அடுத்தவர் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைப்பார். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு மறைவாக வைத்திருக்கும் இயந்திரத்தின் அருகே போய், விரும்பிய சின்னத்துக்கு எதிரே உள்ள நீல நிறப் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு எரியும், பீப் என்று சத்தம் வரும். பக்கத்தில் உள்ள கருவியில் நீங்கள் தேர்ந்தெடுத்த சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரியும். பிறகு அது தானாகப் பெட்டிக்குள் விழுந்துவிடும். போட்டியிடும் யாரையும் பிடிக்கவில்லை என்றால் நோட்டா பொத்தானும் உண்டு.

பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுவது சட்டப்படி குற்றம். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். விற்றுவிட்ட ஓட்டுக்கு அப்புறம் எங்கள் ஊருக்கு ரோடு எங்கே, பஸ் எங்கே, டாக்டர் எங்கே என்று கேட்க வாய் வருமா?

கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலம் அந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அந்த முறை முடிவுக்கு வர 1976ஆம் ஆண்டு ஆயிற்று. ஜாகீர்தாரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றவும் முடியாது. இன்று மலை உச்சியில் இருக்கிற ஒரு பாட்டியின் ஓட்டுக்கும், சென்னையில் மாடி வீட்டில் இருக்கிற ஒருவரின் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. அந்தப் பாட்டியிடம் ஓட்டுக் கேட்டு வேட்பாளர் மலை ஏறித்தான் ஆக வேண்டும். தேர்தல் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் தருகிறேன். உங்கள் பாட்டியின் முழுப் பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள். ஆயா, அப்பாயி, அம்மாச்சி என்று கூப்பிட்டே பலருக்கு அது தெரியாமல் இருக்கும். பிறகு வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து, வாக்காளர் பட்டியலில் அந்தப் பெயர் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் சேர்க்கச் சொல்லி விடாமல் நச்சரியுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நச்சரிப்பது தப்பே இல்லை!

உங்களுக்குத் தெரியுமா?

* தேர்தல் ஆணையம் பிறந்த ஜனவரி 25ஆம் தேதி, 2011ஆம் ஆண்டு முதல் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

* வாக்காளர் உதவித் தொலைபேசி எண் 1950. தேர்தல் ஆணையம் தொடங்கிய ஆண்டும் அதுதான்! அதனால் எண் மறக்கவே மறக்காது.

* விரலில் வைக்கும் மையில் சில்வர் நைட்ரேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் தோலில் கறையாகப் படிந்துவிடும். 1962ஆம் ஆண்டு முதல் இந்த மை மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் ஒன்றில் தயாராகிறது.

* அருணாசலப் பிரதேசத்தில் மாலோகம் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காக 2019, 2024 தேர்தல்களில் தனி வாக்குச் சாவடி அமைத்தார்கள். அலுவலர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே போனார்கள்.

* நம் தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓட்டு இயந்திரங்களைச் சுமந்து போனவை கழுதைகள்!